நாடி வந்த பிள்ளை

ஆசிரியர் இலக்கணமும் மாணாக்கர் இலக்கணமும் கூறும் தமிழ் நூல்களுள் நன்னூலை அறியாதார் இலர். அதனை இயற்றிய பவணந்தி முனிவர் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தினார். அன்னமும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கு. ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைமாணாக்கர்க்கு. 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த இப்பாகுபாடு இன்றளவும் தமிழ் வகுப்புகளில் சுவையோடு எடுத்துரைக்கப்படுகிறது. நாமும் உரைத்திருக்கிறோம், பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். ஓட்டைக் குடம் என்று பெயர் வாங்கிய பிள்ளையும் அப்போது சிரித்தானா என்று நாம் திரும்பிப் பார்த்ததில்லை.

அப்படியொரு பிள்ளை நம் மக்தபிலும் இருந்தான். காதால் கேட்ட சூராக்களைப் பிழையின்றி ஒப்பிப்பான். ஏட்டைத் திறந்தால் திணறுவான். ஒரு புள்ளிக்கும் இரு புள்ளிக்கும் மூன்று புள்ளிக்கும் வேறுபாடு அவன் கண்ணில் நிற்கவில்லை. சோம்பல் என்று நாம் முடிவு கட்டினோம், பிரம்பை எடுத்தோம். ஒரு நாள் அவன் வரவில்லை, பிறகு வரவேயில்லை. பல்வகைக் கற்றல் தேவையுடைய பிள்ளைகளை எல்லாருடனும் ஒரே பள்ளியில் அமர்த்திக் கற்பிக்க வேண்டும் என்று இன்று எங்கும் பேசப்படுகிறது. அப்பேச்சைக் கேட்கும்போதெல்லாம் அவன் முகமே நம் முன் வந்து நிற்கிறது. ஆதலின் இக்கட்டுரையில் நூல்களை மட்டுமன்றி நம்மையும் சேர்த்தே திறனாய முற்படுகிறோம்.

நன்னூலின் இரு முகங்கள்

பவணந்தியார் மாணாக்கரை மட்டும் தரம் பிரித்தார் என்று கூறின் அது அவருக்கு இழைக்கும் அநீதியாகும். ஆசிரியராகத் தகாதவரையும் அவர் உவமைகளாலேயே சாடுகிறார். கழற்காய் பெய்த குடமும், பஞ்சு அடைத்த குடுக்கையும், ஏறற்கரிய பனையும், தன் வேலியைத் தாண்டி அயலானுக்குக் காய் உதிர்க்கும் வளைந்த தென்னையும் அவர் சுட்டும் ஆசிரியர்கள். பாடஞ்சொல்லும் முறையை விளக்கும் இடத்தில், பெறுபவன் எவ்வாறு பெறுவான் என்பதை அறிந்து, அவன் உள்ளத்தில் பதியுமாறு கோணலற்ற மனத்தோடு தருவதே ஆசிரியன் கடன் என்கிறார்.

இவ்விரு பகுதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு முரண் புலனாகும். பெறுபவனின் வகையறிந்து கொடுப்பது ஆசிரியன் கடன் எனில், ஓட்டைக் குடம் என்ற பழி மாணாக்கனை மட்டும் சேருமா? குடத்தில் ஓட்டை இருப்பதை அறிந்தும் மேலிருந்தே நீரை ஊற்றிக்கொண்டிருப்பவன் கையில் குறை இல்லையா? நூலின் இம்முரணை உரை கண்டோர் தீர்த்து வைக்கலாம்; ஆனால் நம் பள்ளிகள் தமக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன. தரம் பிரிக்கும் சூத்திரம் வகுப்பறைக்குள் வந்தது. வகையறியும் சூத்திரம் ஏட்டிலேயே தங்கிவிட்டது.

‘நாள்கள்’ தரும் செய்தி

அரபு இலக்கியத்தில் இப்பொருளுக்கு நெருக்கமான நூல் தாஹா ஹுஸைனின் ‘அல்அய்யாம்’. ‘நாள்கள்’ என்பது அதன் பொருள். முதற்பகுதி 1929-இல் நூலாக வெளிவந்தது. மேல் எகிப்தில் 1889-இல் பிறந்த ஆசிரியர், இளமையில் வந்த கண்நோய்க்கு நாவிதர் செய்த தவறான வைத்தியத்தால் பார்வை இழந்தவர். 1926-இல் ஜாஹிலிய்யாக் கவிதை குறித்து அவர் எழுதிய நூல் எழுப்பிய பூசலை ஆலிம்கள் அறிவர். அவருடைய கருத்துகள் பலவற்றில் நமக்கு உடன்பாடில்லை. ஈண்டு அது நம் பொருளன்று.

அந்நூலில் இரு காட்சிகள் மறக்கவொண்ணாதவை. குடும்பத்தாருடன் உண்ண அமர்ந்த சிறுவன், ஒரு கையால் எடுக்கும் கவளத்தை இரு கைகளாலும் எடுத்தால் என்ன என்று எண்ணி அவ்வாறே செய்கிறான். உடன்பிறந்தோர் சிரிக்கின்றனர், தாய் அழுகிறாள், தந்தை துயரம் தோய்ந்த மென்குரலில் திருத்துகிறார். அன்று முதல் அவன் தன் அசைவுகளையெல்லாம் சுருக்கிக்கொள்கிறான். மற்றொன்று மக்தப் காட்சி. திருமறை முழுவதையும் மனனம் செய்து முடித்தான் என்று பெயர் பெற்ற சிறுவனை, தந்தை விருந்தினர் முன் அஷ்ஷுஅரா அத்தியாயத்தை ஓதப் பணிக்கிறார். தொடக்க எழுத்துகளுக்கு அப்பால் அவனால் நகர முடியவில்லை. மறந்ததற்குக் காரணம் உஸ்தாதின் கவனக்குறைவு, வெட்கமோ சிறுவனுக்கு.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அக்கால மக்தபில் பார்வையற்ற பிள்ளைக்கு இடம் இருந்தது, அஸ்ஹரிலும் இருந்தது. இது தனி இரக்கத்தால் நேர்ந்ததன்று. கல்வி செவிவழி நடந்ததாலேயே கண் தேவைப்படவில்லை. அதே மக்தபில் காது கேளாத பிள்ளைக்கு வழியில்லை. மனனம் நில்லாத பிள்ளைக்கும் இல்லை. பின்னர் அச்சும் கரும்பலகையும் கொண்ட புதுப்பள்ளி வந்தது. அது பார்வையற்றவனை வெளியே நிறுத்தியதோடு, காதால் கற்கவல்ல, எழுத்தால் திணறுகிற பிள்ளையையும் மந்தன் ஆக்கிற்று. ஆகவே, ஒவ்வொரு கல்விமுறையும் தனக்கென ஒரு கடைமாணாக்கனை உண்டாக்கிக்கொள்கிறது. உடலிலும் புலனிலும் உள்ள குறை மெய்யே. ஆயினும் அது கல்விக்குத் தடையாவதும் ஆகாததும் வழியைப் பொறுத்தது.

பரிசு பெற்றால்தான் பிள்ளையா?

நம் காலத்தில் இப்பொருளை வீடுதோறும் கொண்டு சென்றது 2007-இல் வெளிவந்த ‘தாரே ஜமீன் பர்’ என்ற இந்தித் திரைப்படம். எழுத்துகள் கண்முன் நடனமாடும் சிறுவனை, சோம்பேறி என்று கருதிய தந்தை விடுதிப் பள்ளியில் விடுகிறார். அங்கு வரும் ஓவிய ஆசிரியர் அவனது இடர்ப்பாட்டை இனங்கண்டு, பொறுமையோடு எழுத்தறிவிக்கிறார். டிஸ்லெக்சியா என்ற சொல்லைப் பெற்றோர் பலர் முதன்முதல் கேட்டது அப்படத்தின் வாயிலாகவே. அந்நன்மையை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் அதன் முடிவு நம்மை உறுத்துகிறது. சிறுவன் ஓவியப் போட்டியில் முதற்பரிசு பெறுகிறான். பள்ளி முழுதும் கரவொலி எழுப்புகிறது. பெற்றோர் கண்ணீர் உகுக்கின்றனர். அவனுக்கு ஓவியம் வராதிருந்தால்? எத்துறையிலும் முதலிடம் பெறாத எளிய பிள்ளையாக இருந்திருந்தால்? அப்போது அவன் பள்ளியில் அமரும் உரிமை எங்கே போயிருக்கும்? தாஹா ஹுஸைனையும் நாம் இவ்வாறே பயன்படுத்துகிறோம். பார்வையற்றவர் இரு பல்கலைக்கழகங்களில் டாக்டர் பட்டம் பெற்றார், 1950 முதல் 1952 வரை எகிப்தின் கல்வியமைச்சராக இருந்தார் என்று மேடைதோறும் முழங்குகிறோம். கேட்டுக்கொண்டிருக்கும் தாயோ, தன் மகன் அமைச்சராகப் போவதில்லை என்பதை அறிந்தவள். அவளுக்கு அம்முழக்கத்தில் ஆறுதல் இல்லை.

திருமறை காட்டும் அளவுகோல் வேறு. எண்பதாவது அத்தியாயம் இறங்கிய வரலாறு நம் இல்லங்களில் யாவரும் அறிந்தது. குறைஷித் தலைவர்களிடம் பெருமானார் (ஸல்) உரையாடிக்கொண்டிருந்தபோது, பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அறிவுரை நாடி வந்தார். அவரினும் அத்தலைவர்கள்பால் கவனம் சென்றமை குறித்து இறைவன் தன் தூதருக்கே உணர்த்தினான். அவர் பின்னாளில் முஅத்தினாகப் பணியாற்றியதும், பெருமானார் பயணம் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பை ஏற்றதும் உண்மையே. ஆயின் இறைவசனம் அவருக்காகப் பேசியபோது அவற்றுள் எதுவும் நிகழ்ந்திருக்கவில்லை. திறமையை அது காரணம் காட்டவில்லை. அவர் முனைந்து நாடி வந்தார், உள்ளச்சத்தோடு வந்தார் என்பதையே காரணமாகக் கூறிற்று. நாடி வந்ததே தகுதி. திரைப்படம் பரிசைக் கொடுத்து வாங்கிய இடத்தை, திருமறை வருகைக்கே வழங்கிவிட்டது.

மயிலாப்பூர் முதல் அடையாறு வரை

நிற்க. சென்னையின் தென்பகுதியையும் நடுப்பகுதியையும் நோக்குவோம். இத்துறையில் இந்நகருக்கு நெடிய வரலாறு உண்டு. சாந்தோமில் காது கேளாதோர்க்கான கிறித்தவத் திருச்சபைப் பள்ளி உள்ளது. அடையாற்றில் 1969-இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, காது கேளாத மழலையரைப் பேச்சுமொழிக்குப் பயிற்றிப் பொதுப்பள்ளிகளுக்கு அனுப்புவதையே நோக்கமாகக் கொண்டது. மூளை முடக்குவாதம் உடைய பிள்ளைகளுக்காக 1985-இல் பூனம் நடராஜன் தொடங்கிய நிறுவனம், இன்று வித்யாசாகர் என்ற பெயரில் கோட்டூர்புரத்தில் பணிபுரிகிறது. 1990-களின் தொடக்கத்தில் தோன்றிய மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் தியாகராய நகரில் இயங்குகிறது. ஆசிரியர்களுக்கும் பயிற்சி தருகிறது.

சட்டமும் வளர்ந்துள்ளது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றது. கற்றல் குறைபாடு அவற்றுள் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் புற உலகச் சிந்தனைக் குறைபாடு எனப்படும் ஆட்டிசமும் இவற்றுள் அடங்கும். அரசின் நிதியோ ஏற்போ பெற்ற பள்ளிகள் வேறுபாடு காட்டாமல் சேர்த்து, உடன் அமர்த்திக் கற்பிக்க வேண்டும் என்று அது பணிக்கிறது. அரசுப் பொதுத்தேர்வுகளில் சொல்வதை எழுதுவோர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு முதலிய சலுகைகளும் உள்ளன.

இவ்வளவும் இருந்தும் குறை எங்கே? சேர்த்தல் என்பது பெயர்ப்பதிவோடு முடிந்துவிடுகிறது. பிள்ளை வகுப்பில் இருக்கிறான். பாடம் அவனிடம் இல்லை. கடைசி வரிசையில் அமர்த்தப்பட்டு, ஆண்டுதோறும் மேல்வகுப்புக்கு நகர்த்தப்பட்டு, பத்தாம் வகுப்பு நெருங்கும்போது தேர்ச்சி விழுக்காட்டுக்கு அஞ்சிப் பெற்றோர் அழைக்கப்படுகின்றனர். தனிப்பள்ளிகளின் தொண்டு போற்றத்தக்கதே. ஆனால் அவை இருப்பதைக் காரணம் காட்டிப் பொதுப்பள்ளி தன் கடனைக் கைகழுவுதல் தகாது. முன்வரிசை இருக்கை, பெரிய எழுத்து, வினாவை உரக்கப் படித்துக் காட்டுதல், வாய்மொழியாக விடை ஏற்றல், ஒரு நேரத்தில் ஒரே ஏவல், படிக்கட்டருகே ஒரு சாய்தளம் ஆகியவற்றுள் எது பெருஞ்செலவு? இவற்றுக்கு வேண்டுவது பெரும்பாலும் ஆசிரியரின் நேரம். ஒரே ஆசிரியர் நாற்பது பிள்ளைகளோடு திண்டாடும் வகுப்பில் அந்நேரத்தை உண்டாக்கித் தருவது நிருவாகத்தின் பொறுப்பு. ஆசிரியரை மட்டும் குறை கூறுவதும் ஓட்டைக் குடக் கதையே ஆகும்.

நம் வீடும் நம் மத்ரஸாவும்

பள்ளிகளைச் சாடும் நாம் நம் இல்லங்களை விட்டுவிடலாகாது. மீர்சாகிப்பேட்டையிலோ தியாகராய நகரிலோ வாழும் நம் பிள்ளை காலையில் அரபு எழுத்தை வலமிருந்து இடமாகப் படிக்கிறான். பகலில் தமிழையும் ஆங்கிலத்தையும் இடமிருந்து வலமாகப் படிக்கிறான். தமிழிலோ ‘கெ’ என்னும்போது பின்னர் ஒலிக்கும் உயிரின் குறி முன்னர் வந்து நிற்கிறது; அரபிலோ ஒரு புள்ளி இடம் மாறினால் சொல்லே மாறுகிறது. பெரும்பாலான பிள்ளைகள் இதனை எளிதிற் கடந்துவிடுகின்றனர். எழுத்தில் இடர்ப்படும் பிள்ளைக்கோ இது மும்மடங்கு சுமை. பள்ளியில் தோற்றவனை ‘ஓதவாவது அனுப்புவோம்’ என்று மத்ரஸாவுக்கு அனுப்புவதும், அங்கும் தோற்றால் கடையில் நிறுத்துவதும், தமக்கையின் திருமணப் பேச்சின்போது உள்ளறையில் அமர்த்துவதும் நம்மிடையே நடவாதன அல்ல.

நம் முன்னோர் இவ்வாறு இருந்தாரில்லை. அரபு எழுத்தறிந்து தமிழ் எழுத்தறியாத பெண்மக்களும் பிள்ளைகளும் இருந்தபோது, நீங்கள் கற்றுத் தேறிய பின் வாருங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. தமிழையே அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபுத்தமிழை மொழி வரலாற்றின் விந்தையாக மட்டும் பார்க்கிறோம். பெறுபவர் அறிந்த வழிக்கு நூலே இறங்கிவந்த கல்விமுறை அது.

மார்க்கத்திலும் இதற்குச் சான்றுகள் குறைவில்லை. நாவில் தடங்கல் இருந்த மூஸா (அலை) தம் சகோதரர் ஹாரூனைத் துணையாகக் கேட்டார்கள். நீ திறமையற்றவன் என்று இறைவன் தள்ளவில்லை, துணையைத் தந்தான். தேர்வில் எழுத்துத் துணை கேட்கும் பிள்ளையை ஏளனம் செய்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். திக்கித் திணறிச் சிரமத்தோடு திருமறை ஓதுவோருக்கு இரு கூலி உண்டு என்னும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. மாணாக்கரிடம் கடுமை காட்டுவது அவர்தம் உள்ளத்தைச் சுருக்கிப் பொய்க்கும் சூழ்ச்சிக்கும் பழக்குகிறது என்று இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் எச்சரித்தார். இவற்றையெல்லாம் ஓதியும் ஓதுவித்தும் வந்த நாமே, இறைவன் இரு கூலி வைத்த பிள்ளைக்குப் பிரம்படி வைத்தோம்.

ஆகலின் நம் வேண்டுகோள் சுருக்கமானது. மத்ரஸா நிருவாகிகள் உஸ்தாதுகளுக்குக் கற்றல் குறைபாடு பற்றிய பயிற்சிக்கு ஏற்பாடு செய்யட்டும். அதனை அளிக்கவல்லோர் இந்நகரிலேயே இருக்கின்றனர். பெற்றோர் பிள்ளையின் நிலையை மறையாது, காலத்தே சோதித்துச் சான்று பெற்று, உரிய சலுகையை உரிமையாகக் கேட்கட்டும். அவன் பரிசு பெறுவானா என்று நாம் கேட்க வேண்டியதில்லை. நாடி வந்தானா என்பது போதும்.

வராமற்போன அந்தப் பிள்ளை இன்று எங்கோ நடுவயதினனாக இருப்பான். இவ்வரிகள் அவன் கண்ணிற்படா. படினும் படித்தல் அவனுக்கு எளிதாயிராது. யாரேனும் அவனுக்குப் படித்துக் காட்டுவாராயின், அவன் ஓட்டைக் குடம் அல்லன், ஊற்றத் தெரியாதவர் நாமே என்பதைச் சொல்லட்டும். வல்ல இறைவன் நம் பிழை பொறுத்து, இனி வரும் பிள்ளைகள் முன் நம் முகம் கடுக்காமல் காப்பானாக!