கிராகோவுக்குக் கிளம்புங்கள், இந்த வாரமே!

போலந்தின் கிராகோவ் நகரத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், எனக்கு வாய் ஓயாது. வெள்ளிக்கிழமை மாலை பேருந்தில் போய் இறங்கி, மலிவான விடுதியில் அடுக்குக் கட்டில் ஒன்றைப் பிடித்து, பையைப் போட்டுவிட்டு ஓடினால், ஞாயிறு இரவுக்குள் மன்னர்களின் பழைய தலைநகரையே காலால் அளந்துவிடலாம். 1978இல் யுனெஸ்கோ வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே இடம்பிடித்த ஊர் அது. ஆனால் அங்கே என்னைக் கிறங்கடித்தவற்றில் பலவற்றுக்குக் காசே கிடையாது!

நினைத்துப் பாருங்கள். 1257இல் அளந்து போட்ட சதுக்கம், பக்கத்துக்கு 200 மீட்டர். நடுவில் துணி வணிகர்களின் பழைய மண்டபம், ஓரத்தில் மரியாள் பேராலயம், அதற்கு உயரம் ஒத்துவராத இரண்டு கோபுரங்கள். மணி அடிக்கிறது. உயரமான கோபுரத்தின் உச்சியில் சின்ன ஜன்னல் திறக்கிறது, வெயிலில் பித்தளை பளிச்சிடுகிறது, எக்காளம் முழங்குகிறது, ஐயோ, சட்டென்று ராகத்தின் நடுவிலேயே அறுந்து நிற்கிறது! 1241இல் தாத்தாரியர் படையெடுத்து வருவதைக் கண்டு ஊதியவனின் தொண்டையில் அம்பு பாய்ந்ததாம். அவன் நிறுத்திய இடத்திலேயே இன்றும் நிறுத்துகிறார்களாம். கதையோ நிஜமோ, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஊதுபவர் தீயணைப்பு வீரர். இரவும் பகலும் மணிக்கொரு தரம், நான்கு திசையையும் பார்த்து ஊதுகிறார். முடித்துவிட்டு அவர் கீழே கையசைத்தார் பாருங்கள், நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன், குதித்தேன், பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பாட்டியும் சேர்ந்து ஆட்டினார்! அதன்பிறகு எந்தத் தெருவில் திரிந்தாலும், மணி நெருங்கியதும் கால் தானாகச் சதுக்கத்துக்கு ஓடியது.

பேராலயத்துக்குள் போக டிக்கெட் உண்டு, யோசிக்காமல் வாங்குங்கள். நண்பகலுக்குச் சற்று முன்னால் பீடத்தின் கதவுகளைத் திறக்கும்போது உள்ளே நில்லுங்கள். 13 மீட்டர் உயரம், பொன்னும் நீலமும் தகதகக்கிறது, மரியாளைச் சூழ்ந்து ஆளைவிடப் பெரிய அப்போஸ்தலர்கள். சிற்பி வைட் ஸ்டோஸ் 1477 முதல் 1489 வரை மரத்தில் இழைத்தது. ஒரு கிழவரின் கையில் நரம்பு புடைத்திருக்கிறது, மரத்தில்! இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் கொள்ளையடித்துப் போன இதை மீட்டுக் கொண்டுவந்தார்களே, அவர்களைக் கும்பிடத் தோன்றியது.

பசிக்கிறதா? சதுக்கத்தை ஒட்டிய உணவகங்களில் விலை கொஞ்சம் கூடத்தான், அதை விடுங்கள். 'பார் ம்லெச்னி', அதாவது பால் உணவகம், எங்கே என்று கேளுங்கள். இறைச்சி சேராத பதார்த்தங்களுக்கு அரசு மானியம் கொடுப்பதால் மாணவர்களும் ஓய்வூதியக்காரர்களும் ஒரே மேசையில் சாப்பிடும் இடம். கல்லாவில் சொல்லிக் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, ஜன்னலில் நீட்டினால், ஆவி பறக்கப் பியெரோகி வருகிறது. உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடைத்த நம்மூர் உப்புக் கொழுக்கட்டை என்றே வைத்துக்கொள்ளுங்கள், மேலே வெண்ணெயில் பொன்னிறமாக வதக்கிய வெங்காயம்! ஒரு தட்டு முடிந்ததும் மறுபடியும் வரிசையில் போய் நின்றேன், கூடவே சிவக்கச் சிவக்கப் பீட்ரூட் சூப். காலை உணவுக்கு வரிசையில் நிற்கும் கவலையும் இல்லை, தெருவோரத் தள்ளுவண்டியில் கசகசா தூவிய ஒப்வஜானெக் வளைய ரொட்டி. முறுக்கி, வெந்நீரில் போட்டெடுத்து, பிறகு சுடுகிறார்கள், வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து!

அதைக் கடித்தபடியே பிளாண்டி பூங்காவில் நடங்கள். பழைய கோட்டைச் சுவரை இடித்த இடத்தில் ஊரைச் சுற்றி மரம் வளர்த்திருக்கிறார்கள், அந்த நிழல் உங்களை வாவெல் குன்றடியில் கொண்டுபோய் விடும். குன்றின்மேல் அரண்மனை, கீழே விஸ்துலா ஆறு, கரையில் வெண்கல டிராகன். அது நிஜ நெருப்பைக் கக்குகிறது, சில நிமிடத்துக்கொரு முறை, இலவசமாக! குழந்தைகளோடு குழந்தையாக முன்வரிசையில் நின்று ஒவ்வொரு தடவையும் கைதட்டிக் கூவினேன். நீங்களும் கூவுவீர்கள், பந்தயம்!