புள்ளிகள் பெருகினால் படம் தெளியுமா?

மழைக்காலத்துக் காலையில் போடிமெட்டுச் சாலையோரம் நின்று கீழே பாருங்கள். மூடுபனி இருந்தால், எவ்வளவு உருப்பெருக்கம் உள்ள தொலைநோக்கியாலும் போடி நகரம் தெரியாது. உருப்பெருக்கம் வேறு, தெளிவு வேறு. ஸ்கேனர் விஷயத்தில் இந்த எளிய உண்மையை நாம் மறந்துவிடுகிறோம்.

ஸ்கேனர் பெட்டியின் மேல் 4800, 9600, 19200 என எண்களைக் காண்கிறோம். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளிகள் என்பதே இதன் பொருள். இவற்றுள் மிகப் பெரிய எண், பலவேளைகளில் கணினி இடைச்செருகும் புள்ளிகளையும் சேர்த்துச் சொல்வது. உணரி காணாத நுணுக்கத்தை இடைச்செருகல் தராது.

உணரி மெய்யாகவே கண்ட புள்ளிகளும் மட்டும் போதா. 2000-களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் பிற நிறுவனங்களும் சேர்ந்து வளர்த்த இந்திய மின்னூலகத்தைப் பாருங்கள். கிடைத்தற்கரிய தமிழ் நூல்களை அது நம் கைக்கு எட்டச் செய்தது. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் இருந்தும், ஒவ்வொரு புள்ளிக்கும் கறுப்பு, வெள்ளை என இரண்டே நிலைகள்தாம். பழுப்புக் கறை கருந்திட்டாயிற்று. மங்கிய மை வெள்ளையில் மறைந்தது. மெய்யெழுத்தின் புள்ளி மறைந்தால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடுமே! புகைப்படங்களோ மைப்பூச்சாகத் தெரிகின்றன.

இடமிச்சம் கருதிய முடிவு இது. சதுர அங்குலத்துக்கு 600 புள்ளி முறையில் 3,60,000 பிட்டுகள் ஆகும். 300 புள்ளிகளும் 256 சாம்பல் நிலைகளும் கொண்டால் 7,20,000 பிட்டுகள். சுருக்குவதற்கு முன் இரு மடங்குதான். பாதிப் புள்ளிகளோடு அதிகச் செய்தி கிடைத்திருக்கும் என்பதே என் கருத்து.

வீட்டிலும் இதே தவறு நேர்கிறது. தாத்தாவின் பழைய படம் மங்கலாக வந்தால் எண்ணைக் கூட்டாதீர்கள். ‘கறுப்பு வெள்ளை’ நிலையை விட்டு வண்ண நிலைக்கு மாற்றுங்கள். படம் முழுவதும் வெளிறினால் கண்ணாடியைப் பாருங்கள். ஈரம் மிகுந்த மலையூர்களில் அதன் உட்புறத்திலும் ஆவி படியும். படம் நெடுக ஒரே கோடு ஓடினால், உணரியின் வழியில் ஒரு தூசி இருக்கிறது. பத்திரிகைப் படத்தில் அலைக்கோலம் தோன்றினால், அச்சின் புள்ளிகளும் ஸ்கேனரின் புள்ளிகளும் ஒன்றையொன்று குழப்புகின்றன. தாளைச் சற்றே சாய்த்து வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. படியெடுத்தாயிற்று என்று மூலப் படத்தை எறிந்துவிடாதீர்கள். ஸ்கேனர் விட்டுவிட்டதை மீண்டும் பெற, மூலம் ஒன்றே வழி.