‘கன் கிரேஸி’: ஒருதலைத் தீர்ப்பு

ஜோசப் எச். லூயிஸின் ‘கன் கிரேஸி’யைக் (1950) கொண்டாடுகிறவர்கள் விடாமல் சொல்வது ஒன்று உண்டு: பார்ட்டும் லாரியும் விதி துரத்திய காதலர்கள், ஒரே வெறி இருவரையும் சேர்த்து அழித்தது. 1998இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்ற படம் என்பதால் இந்த வாதத்தை யாரும் உரசிப் பார்ப்பதில்லை.

படமாக்கத்தில் குறை காண எதுவுமில்லை. காரின் பின்பக்கம் கேமராவை வைத்து, வங்கிக்குள் நுழையாமலே, ஒரே ஷாட்டில் எடுத்த அந்தக் கொள்ளைக் காட்சி இன்றும் பழசாகவில்லை. பார்ட்டாக ஜான் டாலும் லாரியாக பெக்கி கம்மின்ஸும் அபாரம்.

கோளாறு திரைக்கதையில் இருக்கிறது. துப்பாக்கிக்காகக் கடைக் கண்ணாடியை உடைத்த சிறுவன் பார்ட்டுக்காக அக்காவும் நண்பர்களும் நீதிபதி முன் பேசுகிறார்கள். கோழிக்குஞ்சைக் கொன்றுவிட்டுக் கலங்கியவன், மலைச்சிங்கத்தைச் சுட மறுத்தவன் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. இவன் கொல்லமாட்டான் என்று நம்மை நம்பவைத்த பிறகுதான் கதையே நகர்கிறது. லாரிக்கு இதில் எதுவும் கிடையாது. கார்னிவல் மேடையில் துப்பாக்கியோடு தோன்றுகிறாள், அவ்வளவுதான். அவள் ஏன் இப்படி ஆனாள் என்று கேட்க ஒருவரும் இல்லை. இருவரும் சேர்ந்து நடத்தும் ஆர்மர் இறைச்சி ஆலைக் கொள்ளையில் கொலைகளை அவள் செய்கிறாள். அவன் கை சுத்தமாக இருப்பதற்காக அவள் கையில் ரத்தம் பூசப்படுகிறது.

அந்தக் கொள்ளைக்குப் பின் பிரிந்து போவதென்று திட்டமிட்டவர்கள், எதிரெதிர்த் திசையில் கிளம்பிய கார்களைத் திருப்பிக்கொண்டு ஓடிவந்து கட்டிக்கொள்கிறார்கள். லாரியும்தான் திரும்புகிறாள். அதில் அவளுக்கு ஒரு காசு லாபமில்லை, ஆபத்துதான். பணத்தாசை பிடித்த பேய் என்று அவளைச் சித்திரித்த படம், தான் காட்டிய இந்த உண்மையைப் பிறகு கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில், சதுப்புநிலப் பனிமூட்டத்தில், தன் பால்ய நண்பர்களை அவளிடமிருந்து காப்பாற்ற பார்ட்டே அவளைச் சுடுகிறான். அதன் பிறகுதான் போலீஸ் குண்டுக்குப் பலியாகிறான். அவன் சாவு தியாகமாகிறது, அவள் சாவு தண்டனையாகிறது.

குற்றவாளிகள் தண்டனை பெற்றே தீரவேண்டும் என்று அன்றைய தணிக்கை விதி கட்டாயப்படுத்தியது என்பார்கள். உண்மைதான். ஆனால் காதலன் கையால் காதலி சாகவேண்டும் என்று எந்த விதியும் கேட்கவில்லை. அதே காலத்தில் நிக்கலஸ் ரே எடுத்த ‘தே லிவ் பை நைட்’ படத்தில் நாயகி கீச்சிக்கு ஒரு வீடு, ஒரு குடிகாரத் தகப்பன், தனக்கென்று ஓர் ஏக்கம் எல்லாம் உண்டு. அதனால்தான் அங்கே துயரம் இருவருக்கும் பொதுவாகிறது.

ஹாலிவுட்டின் கருப்புப் பட்டியலில் இருந்த டால்டன் ட்ரம்போ, மில்லர்ட் காஃப்மன் பெயரில் ஒளிந்து எழுதிய திரைக்கதை இது. குரல் பறிக்கப்பட்ட எழுத்தாளர் ஒருவர் இந்த ஓரவஞ்சனைக்குத் துணைபோனதை மன்னிப்பது எனக்கு இன்னும் கடினமாக இருக்கிறது. ஒருத்தியின் வழக்கைக் கேளாமலே தீர்ப்பெழுதிய படம் விறுவிறுப்பான குற்றப்படமாக இருக்கலாம். காதலின் துயர காவியம் என்ற பெயருக்கு அது தகுதியானதல்ல.