கிரகணம் யாருக்காக நிகழ்கிறது?
‘தி பிரிவிலெஜ்ட் பிளானட்’ நூலை முன்வைத்து ஒரு மதிப்பீடு

1995 அக்டோபர் 24 அன்று இராஜஸ்தானின் நீம் கா தானா என்னும் சிற்றூரில் முழுச் சூரிய கிரகணத்தைக் காணக் கூடியிருந்தோருள் அமெரிக்க வானியலாளர் கியர்மோ கொன்சாலஸும் ஒருவர். நிலவின் கரிய வட்டு சூரியனின் ஒளிவட்டை மிகாமலும் குறையாமலும் மூடிய காட்சி அவருள் ஒரு வினாவை விதைத்தது. மெய்யியலும் இறையியலும் கற்ற ஜே ரிச்சர்ட்ஸுடன் இணைந்து 2004-இல் அவர் வெளியிட்ட ‘தி பிரிவிலெஜ்ட் பிளானட்’ என்னும் நூல் அவ்வினாவின் விளைவாகும். ‘சிறப்புரிமை பெற்ற கோள்’ என்பது தலைப்பின் பொருள்.

கிறித்தவ நம்பிக்கையுடைய இருவர் எழுதிய நூலை இவ்விதழில் மதிப்பிடுவது ஏன் எனச் சிலர் வினவலாம். இந்நூல் முன்வைக்கும் வாதமுறை நம் மேடைகளிலும் குத்பாக்களிலும் வேறு வடிவங்களில் உலவுகிறது. ஆகவே இம்மதிப்பீடு ஒருவகையில் நம்மை நாமே அளந்து பார்ப்பதுமாகும்.

நூலின் மையக் கருத்து இதுதான்: உயிர் வாழ்வதற்கு ஏற்ற சூழல் எதுவோ, அதுவே பிரபஞ்சத்தை ஆராய்வதற்கும் மிகச் சிறந்த சூழல், இவ்விரண்டும் ஒரே இடத்தில் பொருந்தியிருப்பது தற்செயல் அன்று, திட்டமிட்ட படைப்பின் அடையாளம். சூரியனின் விட்டம் நிலவினதைப் போல் ஏறத்தாழ 400 மடங்கு. தொலைவும் ஏறத்தாழ 400 மடங்கு. எனவே இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாய்த் தோன்றுகின்றன. 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தின்போது குண்டூரில் ஆய்ந்த ஜான்சனின் நிறமாலைப் பதிவு ஹீலியத்தின் கண்டுபிடிப்புக்கு வழிகாட்டியதும், 1919 கிரகணத்தில் ஐன்ஸ்டீனின் கோட்பாடு சோதிக்கப்பட்டதும் இப்பொருத்தத்தின் பயனே.

நூலின் நற்பகுதியை மறைத்தல் முறையன்று. பூமி பிரபஞ்சத்தின் நடுவில் இருக்கிறது என்று ஆசிரியர்கள் வாதிடவில்லை. கோப்பர்நிக்கஸ் 1543-இல் பூமியை அரியணையிலிருந்து இறக்கிவிட்டார் என்னும் பரவலான கதையையும் அவர்கள் சரியாகவே மறுக்கிறார்கள். பழைய வானியலில் நடுவிடம் அரியணை அன்று. கனத்தவை யாவும் வந்து விழும் அடித்தளம், அழிவுக்கும் மாற்றத்துக்கும் உரிய இடம். நம் அறிஞர்களும் இடத்தை மானப் பிரச்சினையாகக் கொள்ளவில்லை. ஆரியபட்டரைப் பின்பற்றியோர் பூமி சுழல்வதாகக் கருதியதைத் தம் இந்திய நூலில் பதிவு செய்த அல்பிரூனி, அக்கருத்தால் வானியல் கணக்குக்கு ஊறு நேராது என்று அமைதியாகவே எழுதிச் சென்றார்.

குறைகளுக்கு வருவோம். முதலாவது, நூலாசிரியர்களின் தேர்வு ஒருதலையானது. நமக்குத் தெரிபவை மட்டும் கணக்கில் வருகின்றன, மறைபவை வருவதில்லை. பால்வெளியின் தூசு அதற்கப்பால் உள்ள பல விண்மீன் மண்டலங்களை நம் பார்வையிலிருந்து மறைக்கிறது. எக்ஸ் கதிர்களையும் அகச்சிவப்பு ஒளியின் பெரும்பகுதியையும் வளிமண்டலம் தடுக்கிறது. 2021-இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைப் பூமிக்கு அப்பால் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிறுத்த நேர்ந்தது ஏன்? பூமியே சிறந்த காட்சிமேடை என்றால் அதற்கு அவசியம் இருந்திராது.

இரண்டாவது, வியந்து போற்றப்படும் அப்பொருத்தமும் நிலையானதன்று. நிலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 செ.மீ. விலகிச் செல்கிறது, மிக நெடுங்காலத்துக்குப் பின் முழுக் கிரகணமே நிகழாது. இன்றும் முழுக் கிரகணங்களைவிட வளையக் கிரகணங்களே மிகுதி. 2019 டிசம்பர் 26 காலை கரூர், திண்டுக்கல் பகுதிகளில் நிலவு சூரியனை முழுதும் மறைக்க இயலாமல் ஒளிவளையம் எஞ்சியது. சின்னசேலத்தில் எமக்கு அவ்வளையமும் வாய்க்கவில்லை. புளியமரத்தடியில் இலை இடுக்குகளின் வழியே விழுந்த ஒளிப்புள்ளிகள் யாவும் பிறைகளாய்த் தரையெங்கும் கிடந்ததைக் கண்டோம். பொருத்தமின்மையும் அதே படைப்பாளனின் ஏற்பாடுதானே?

மூன்றாவது குறையே மிகப் பெரிது. அபூர்வமே இறைவனின் சான்று என்று இந்நூல் கொள்கிறது. திருமறையின் வழி வேறு. இரவு பகல் மாறி வருதல், மழை, தேனீ, பேரீச்சை, தாய்மொழிகளின் வேறுபாடு என அது சுட்டும் அத்தாட்சிகளுள் பெரும்பாலானவை நாள்தோறும் நிகழ்பவை. ஒழுங்கே அங்கு அத்தாட்சி, விதிவிலக்கு அன்று.

கிரகணத்தைக் குறித்தே நம்மிடம் தெளிவான வழிகாட்டல் உண்டு. நபி (ஸல்) அவர்களின் பச்சிளம் மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நேர்ந்தது. வானியல் கணக்கீட்டாளர் அதனை கி.பி. 632 ஜனவரி 27 என்று குறிப்பர். குழந்தையின் மறைவுக்காகவே சூரியன் இருண்டது என மக்கள் பேசிக்கொண்டனர். துயருற்ற ஒரு தந்தைக்கு அதைவிட ஆறுதலான பேச்சு உண்டா? மௌனமாக இருந்திருந்தாலே போதும். ஆனால் சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளே என்றும், எவருடைய இறப்புக்காகவோ பிறப்புக்காகவோ அவை இருள்வதில்லை என்றும் அண்ணலார் அறிவித்தார்கள், நெடுந்தொழுகை தொழுதார்கள், தர்மம் செய்யவும் அடிமைகளை விடுவிக்கவும் ஏவினார்கள். தம் மகனுக்காகவும் வானம் வளைந்து கொடுக்கவில்லை என்று உரைத்த நபியின் உம்மத், வானம் நமக்காகவே அளந்து தைக்கப்பட்டது என்று பெருமை பேசுதல் பொருந்துமா?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’வின் முன்னுரையில் எடுத்துக்கொண்ட உதாரணமும் கிரகணமே. கணிதத்தால் உறுதிப்பட்ட அதன் காரணத்தை மறுப்பது மார்க்கக் கடமை என எண்ணுவோர் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கின்றனர் என்று அவர் எச்சரித்தார். முறையோடு எதிர்ப்பவனைவிட முறையற்று ஆதரிப்பவனால் நேரும் சேதம் அதிகம் என்பது அவர் கருத்து. நிறுவப்பட்டதை மறுப்பது ஒரு பிழை எனில், நிறுவப்படாததன்மேல் ஈமானை ஏற்றி வைப்பதும் அதே பிழையின் மறுபக்கமாகும். மக்கா பூமியின் மையம் என்று அளந்து காட்டுவோர் இதனைக் கருதவேண்டும்: உருண்டையின் மேற்பரப்பில் எப்புள்ளியும் மையமாகாது. கஃபாவின் கண்ணியம் அளவுகோலால் வந்ததன்று.

வகுப்பில் ஒரு மாணவர் வினவினார்: “உஸ்தாத், இன்னொரு பூமி கண்டுபிடிக்கப்பட்டால் நம் நிலை என்ன?” இவ்வினா ஏட்டளவினதன்று. கொன்சாலஸ் நீம் கா தானாவில் நின்ற அதே அக்டோபர் மாதத்தில்தான், சூரியனைப் போன்றதொரு விண்மீனைச் சுற்றும் கோள் முதன்முறையாக அறிவிக்கப்பட்டது. இன்று உறுதிசெய்யப்பட்ட புறக்கோள்கள் 6,000-ஐத் தாண்டிவிட்டன. ‘பூமி ஒன்றே’ என்பதை ஈமானின் தூணாகக் காட்டி வளர்க்கப்பட்ட இளைஞன், ஒரு நாளிதழ்ச் செய்தியில் அத்தூணை இழப்பான். இழப்பு அவனுடையது, பொறுப்பு நம்முடையது.

அம்மாணவருக்கு நம் மரபில் விடை உண்டு. ஏழு வானங்களையும் பூமியில் அவற்றைப் போன்றவற்றையும் படைத்ததாகத் திருமறை (65:12) கூறுகிறது. வானங்களிலும் பூமியிலும் உயிரினங்களைப் பரப்பியதாக 42:29 பேசுகிறது. இமாம் ராஸி (ரஹ்) இவ்வுலகுக்கு அப்பால் ஆயிரமாயிரம் உலகங்களைப் படைக்க அல்லாஹ் ஆற்றல் உடையவன் என வாதிட்டார். 65:12-க்கு இப்னு அப்பாஸ் (ரலி) வழியாக வந்த ஓர் அறிவிப்பைப் பற்றி 19ஆம் நூற்றாண்டு வட இந்திய உலமாக்கள் தனி நூல்களே எழுதினர். பிற பூமிகள் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று.

அப்படியாயின் மனிதனின் சிறப்பு யாது? ஆதமின் மக்களைக் கண்ணியப்படுத்தியதைக் கூறும் 17:70, படைத்தவற்றுள் ‘பலவற்றை’விட மேன்மை அளித்ததாகவே சொல்கிறது, ‘அனைத்தையும்’ என்று சொல்லவில்லை. வானங்கள், பூமியின் படைப்பு மனிதர்களின் படைப்பைவிடப் பெரிது என்பது 40:57. வானங்களும் பூமியும் மலைகளும் ஏற்க அஞ்சிய அமானிதத்தை மனிதன் சுமந்தான் என்பது 33:72. சிறப்பு என்பது இருப்பிடம் தந்த பட்டமன்று, ஏற்றுக்கொண்ட சுமை. இவ்வசனம் அச்சிறப்போடு நிறுத்தாமல் மனிதனை அநீதியாளன், அறிவிலி என்றும் குறிப்பதை மறத்தலாகாது.

‘தி பிரிவிலெஜ்ட் பிளானட்’ வாசிக்கத்தக்க நூலே. அதன் தகவல்கள் பயனுள்ளவை, முடிவே தடுமாறுகிறது. அந்நூல் பூமிக்கு எத்தகைய உரிமை வழங்கப்பட்டது என்று வினவுகிறது. நம்மிடம் கேட்கப்படவிருப்பதோ, ஒப்படைக்கப்பட்ட பூமியை என்ன செய்தீர்கள் என்பது. கல்வராயன் மலையின் காடும், அதன் அடிவாரத்தில் கோமுகி அணையில் தேங்கும் நீரும் அவ்வமானிதத்தில் அடக்கம். அடுத்த கிரகணத்தின்போது வானத்தைப் பார்த்து நம் பெருமையை எண்ணுவதினும், பள்ளிக்குச் சென்று தொழுவதும் இல்லாதோருக்கு ஈவதும் சுன்னத்துக்கு நெருக்கமானவை. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.