ஒரு கோடு வந்தால் வேலை போச்சு

எங்க சோமனூர்ப் பக்கம் ஒரு மில்லில் நைட் ஷிஃப்ட் பார்த்த தம்பி ஒருவன் போன மாசம் வீட்டுக்கு வந்திருந்தான். "ஒண்ணுக்கு டெஸ்ட் எடுத்தாங்கண்ணா. கிட்டுல ஒரே கோடுதான் வந்துச்சு. நாளைல இருந்து வர வேண்டாம்னுட்டாங்க" என்றான். ஞாயித்துக்கிழமை கூட்டாளிகளோடு கஞ்சா இழுத்திருக்கிறான். டெஸ்ட் நடந்தது செவ்வாய்க்கிழமை ராத்திரி.

அவன் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி அது குற்றம். என் கேள்வி அந்தக் கிட்டைப் பற்றியது.

குடித்தவரைப் பிடிக்க ஊதச் சொல்கிறோம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டக்கூடாது. அது அந்த நேரத்துக் கணக்கு. கஞ்சா அப்படியில்லை. போதை சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அதன் கழிவுப்பொருள் கொழுப்பில் தங்கி நாள்கணக்கில், தினமும் இழுப்பவருக்கு வாரக்கணக்கில், சிறுநீரில் வரும். இதில் இன்னொரு வேடிக்கை: அரைமணி நேரம் முன்பு இழுத்துவிட்டு மெஷினில் நிற்பவருக்கு நெகட்டிவ்கூட வரலாம்! பழைய லாக் ஃபைலைப் பார்த்து சர்வர் இப்போது ஓடுகிறதா என்று சொல்கிற கதைதான்.

அப்படியானால் டெஸ்டே வேண்டாமா? வேண்டும். 1987 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில் சிக்னலைத் தாண்டிய சரக்கு ரயில் எஞ்சின்கள் மீது பயணிகள் ரயில் மோதி 16 பேர் இறந்தார்கள். எஞ்சினில் இருந்தவர்கள் கஞ்சா இழுத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான், 1991-இல், அங்கே போக்குவரத்து ஊழியர்களுக்குச் சோதனை கட்டாயமானது. ஆனால் அதே எஞ்சினில் எச்சரிக்கை விசிலை டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். அதை எந்தச் சிறுநீர் டெஸ்டும் காட்டாது.

நம் டிஜிசிஏ 2022 ஜனவரி 31 முதல் விமானிகளுக்கும் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர்களுக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆண்டுக்குக் குறைந்தது 10 சதவீதம் பேருக்கு, முன்னறிவிப்பு இல்லாமல். முதல் கட்டத்தில் பாசிட்டிவ் என்றால் பணியிலிருந்து விலக்கிவைத்து, ஆய்வகத்தில் மறுபடி உறுதிசெய்கிறார்கள். உறுதியானால் முதல் தடவை மறுவாழ்வு சிகிச்சை, இரண்டாம் தடவை மூன்றாண்டு உரிமம் நிறுத்தம், மூன்றாவதில் ரத்து. "இப்போது போதையில் இருக்கிறாரா" என்ற கேள்விக்கு இதிலும் பதில் இல்லைதான். ஆனாலும் தவறைத் திருத்திக்கொள்ள வழி வைத்த விதி என்பதால் ஏற்கிறேன்.

நம்ம ஊர் மில் எடுத்துக்கொண்டது கிட்டை மட்டும், விதியை விட்டுவிட்டது. உறுதிச் சோதனை கிடையாது. இத்தனைக்கும், வயிற்றெரிச்சலுக்குப் போடும் பேன்டோபிரசோல் மாத்திரையின் மருந்துக் குறிப்பிலேயே, கஞ்சா டெஸ்டில் பொய்யான பாசிட்டிவ் வரலாம் என்று இருக்கிறது. கலிபோர்னியாவில் 2024 முதல், கட்டுமானம் போன்ற சில வேலைகள் தவிர, இந்தப் போதையில்லாத கழிவை மட்டும் வைத்து ஆளை நீக்கக்கூடாது என்றே சட்டம்.

அந்தத் தம்பி பார்த்தது பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். விடிகாலை நாலு மணிக்கு மெஷின் பக்கத்தில் கண் சொருகும். கை போகிற ஆபத்து அந்த நேரத்தில் அதிகந்தானுங்க. பாதுகாப்புதான் அக்கறை என்றால், ஷிஃப்ட் நேரத்தைக் குறைப்பதும் அந்தப் பட்டியலில் வரவேண்டாமா?