வாடகைக் குடும்பத்தைப் பார்ப்பது எப்படி?

ஸ்பெயின் படமான 'ஃபமிலியா'வில் (1996) முதலில் வரும் காலை உணவுக் காட்சியைக் கண் கொட்டாமல் பாருங்கள். சான்டியாகோவுக்கு 55-வது பிறந்தநாள். தோட்டத்தோடு கூடிய வசதியான வீடு. மனைவி, பிள்ளைகள், வயதான அம்மா என்று எல்லோரும் வாழ்த்துகிறார்கள். கடைக்குட்டி நிகோ புகை பிடிக்கும் பைப் ஒன்றைப் பரிசாகத் தருகிறான். அப்பாவின் முகம் மாறுகிறது. தனக்குப் புகைக்கும் பழக்கமே இல்லை என்கிறார். அதோடு நிற்கவில்லை. பையன் குண்டாக இருக்கிறானாம், கண்ணாடி வேறு போட்டிருக்கிறானாம், இப்படி ஒரு மகனை அவர் கேட்கவே இல்லையாம். பெற்ற பிள்ளையிடம் இப்படியா பேசுவார்கள் என்று நமக்குப் பதறுகிறது.

சற்று நேரத்தில் உண்மை வெளிவருகிறது. அந்த வீட்டில் யாரும் அவருக்கு உறவு இல்லை. பிறந்தநாளுக்காகக் காசு கொடுத்து அமர்த்திய நாடகக் குழு. இதை முன்கூட்டியே சொன்னதால் படம் கெட்டுவிடாது. இயக்குநர் ஃபெர்னாண்டோ லியோன் டி அரனோவாவே முடிச்சைச் சீக்கிரம் அவிழ்த்துவிடுகிறார். ரசிக்க வேண்டியது அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

பேசுகிறவரை விட்டுவிட்டு, பக்கத்தில் சும்மா இருப்பவரைக் கவனியுங்கள். இந்த நடிகர்கள் ஏற்றிருக்கும் உறவு ஒன்று, தங்களுக்குள் உள்ள உறவு வேறொன்று. மனைவி வேடத்தில் இருப்பவர் சான்டியாகோவிடம் கொஞ்சினால் வேறு யாருக்கோ சுருக்கென்று தைக்கும். மனைவியாக வருபவர் 1974-இல் மிஸ் யூனிவர்ஸ் பட்டம் வென்ற அம்பாரோ முன்யோஸ். மகள் லூனா, பின்னாளில் இயக்குநர் அல்மோதோவாரின் படத்தில் நாயகியான எலெனா அனாயா. சான்டியாகோவாக ஹுவான் லூயிஸ் கலியார்தோ. அதட்டும்போதுகூட அந்த மனிதரின் தனிமை தெரிகிறது, அதனால் அவரை முழுசாக வெறுக்க முடிவதில்லை. எதுவுமே தெரியாத அலிசியா என்ற பெண் அந்த வீட்டுக்குள் வந்த பிறகு, நாடகத்துக்குப் புதிதாக ஒரு பார்வையாளர் கிடைத்துவிடுகிறார். அவர் எதையெல்லாம் நம்புகிறார் என்று பாருங்கள். முதலில் நாமும் அதையெல்லாம் நம்பியவர்கள்தானே.

முடிந்தால் இதற்கு முன்பே 'லா கிரான் ஃபமிலியா'வைப் பார்த்துவிடுங்கள். சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில், 1962-இல் வந்த படம். பதினைந்து பிள்ளைகள், அன்பான அப்பா அம்மா, தாத்தா. ஆட்சி விரும்பிய குடும்பம் அப்படியே திரையில் இருக்கும். அதில் கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு நடுவே மாட்ரிட்டின் பிளாசா மயோரில் குட்டிப் பையன் செஞ்சோ தொலைந்துவிட, தாத்தாவாக நடித்த பேப்பே இஸ்பெர்ட் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு தேடுவார். ஸ்பெயின்காரர்கள் மறக்காத காட்சி அது. அந்தக் குரல் காதில் இருக்கும்போதே சான்டியாகோ நிகோவைத் திட்டுவதைக் கேட்டால் அடிவயிறு கலங்கும். லியோனுக்கு 'ஃபமிலியா' முதல் படம், சிறந்த புதிய இயக்குநருக்கான ஸ்பெயினின் கோயா விருதும் இதற்கே கிடைத்தது. அந்தக் காலை உணவுக் காட்சி ஒன்றுக்காகவே கொடுத்திருக்கலாம் என்பேன்.