பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதை

பெருநகர் ஒன்றின் வீதியைத் திருத்தியமைக்கப் புகுவோர் முதலில் எதிர்கொள்வது அகலத்தைப் பற்றிய வழக்கு: இருமருங்கிலும் கட்டடங்கள் எழும்பி நின்றுவிட்டபின் இடைப்பட்ட நிலம் வளரப்போவதில்லை, ஆகவே நடப்பவருக்கு ஓர் அடி கூட்டினால் வாகனத்துக்கு ஓர் அடி குறைந்தே தீரும். நெடுங்காலமாக நம் நகராட்சிகள் இந்த வழக்கில் வாகனத்தின் பக்கமே தீர்ப்புச் சொல்லிவந்தன. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பெருகிய வேகத்தில் நடைபாதைகள் தேய்ந்து, சில தெருக்களில் சாக்கடை மூடியின் அகலமே நடைபாதையின் அகலம் என்றாயிற்று. சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019-ஆம் ஆண்டு நவம்பரில் திறந்துவைக்கப்பட்ட நடைபாதை வளாகம், அந்தத் தீர்ப்பை மாற்றி எழுதிய அபூர்வ முயற்சிகளில் ஒன்றாதலால், அதன் குணதோஷங்களை நிதானமாக நிறுத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

மாம்பலத்து ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவாக்கப்பட்டு, நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயர் சூட்டப்பட்ட அந்தப் பேட்டை, பனகல் பூங்காவைச் சுற்றி வீதிகள் பிரிந்து செல்லும்படி, குடும்பங்கள் அமைதியாக வாழ்வதற்கென்றே திட்டமிடப்பட்ட வாசஸ்தலம். காலக்கிரமத்தில் அது தேசத்தின் பெரிய வியாபார ஸ்தலங்களில் ஒன்றாக மாறியபோது, வீடுகளுக்காகப் போடப்பட்ட தெருக்களே ஜவுளிக்கும் நகைக்கும் வரும் ஜனசமுத்திரத்தைத் தாங்க வேண்டியதாயிற்று. கடை வாசலில் கார், அதையொட்டி நடைபாதை வியாபாரிகளின் விரிப்பு, அதற்கும் அப்பால், பஸ்ஸின் பக்கவாட்டை உரசிக்கொண்டு, கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக நடக்கும் தாய்: தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பாண்டி பஜாரைக் கண்டவர்களுக்கு இந்தக் காட்சியை விவரிக்கத் தேவையில்லை. 2013-இல் வியாபாரிகள் அருகிலேயே மாநகராட்சி கட்டிய அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். 2014-இல், மோட்டார் சாராப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையைச் சென்னை மாநகராட்சி ஏற்று, 2018-க்குள் நூற்றுக்கு 80 தெருக்களில் நடைபாதை அமைப்பதென்று எழுதிவைத்தது. பாண்டி பஜாரின் புதிய உருவம் அந்தக் கொள்கையின் கண்கண்ட பிள்ளை.

அதன் முதற்குணம் எல்லோர் கண்ணுக்கும் புலப்படுவது: தாராளமான நடைபாதை, நிழல், முதியவர்கள் மூச்சுவாங்க உட்காருவதற்கு ஆசனங்கள். ஆனால் நான் பெரிதாக மதிப்பது கண்ணுக்கு எளிதில் புலப்படாத வேறொரு குணத்தை. வாகனம் செல்லும் பாகம் குறுகியதனால் அங்கே ஓட்டுபவரின் வேகம் தானாகவே அடங்குகிறது. ஓடும் பொருளின் தாக்குசக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி உயர்வதென்பது பள்ளிப் பாடம். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார், 30 கிலோமீட்டரில் வருவதைப் போல இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு பலத்துடன் மோதுகிறது. மனிதன் தவறு செய்வான் என்பதை ஒப்புக்கொண்டு, அந்தத் தவறுக்கு மரணம் தண்டனையாகாதபடி சாலையை அமைக்க வேண்டுமென்ற சித்தாந்தத்தை ஸ்வீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997-இல் அங்கீகரித்ததும், 2020-இல் ஸ்டாக்ஹோம் பிரகடனம், நடப்பவரும் வாகனமும் கலக்கும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்சவரம்பு என்று வற்புறுத்தியதும் இந்தக் கணக்கை அடிப்படையாகக் கொண்டவையே. வேக வரம்பைப் பலகையில் எழுதி வைத்தால் போலீஸ்காரர் நிற்கும் வரையில் அது செல்லும். சாலையின் அகலத்திலேயே எழுதி வைத்தால் நள்ளிரவிலும் செல்லும்.

கடைக்காரர்கள் வியாபாரம் குன்றுமென்று அஞ்சினார்கள். வாசல்வரை கார் வராவிட்டால் வாடிக்கையாளரும் வரமாட்டார் என்ற எண்ணம் உலகமெங்கும் வர்த்தகர்களுக்கு உள்ளதே. ஆனால் இதே பேட்டையில் கூட்டம் நெரியும் ரங்கநாதன் தெருவில் எந்த வாடிக்கையாளர் காரில் போய் இறங்கினார் என்று ஒருவரும் கேட்கக் காணோம்.

இனித் தோஷங்கள். சாலையைப் பயன்படுத்தும் சகலருக்கும் பாதுகாப்பு என்பது இத்தகைய திட்டங்களின் பிரதிக்ஞை. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில் பாதசாரிகள் 32,825 பேர். இருசக்கர வாகனங்களில் சென்றவர்களோ 74,897 பேர். உயிரிழப்பில் பெரும்பங்கு வகிக்கும் இந்த வகுப்பினரை நம் வீதித் திட்டங்கள் ஒரு தொல்லையாகவே பாவிக்கின்றன. நடைபாதையில் ஏறாமல் தடுக்கக் குட்டைத் தூண்களை நடுவதோடு அவர்களைப் பற்றிய சிந்தனை முடிந்துவிடுகிறது. அந்தத் தூண்கள் நெருங்கி நின்றால் சக்கர நாற்காலி நுழையாது. விலகி நின்றால் ஸ்கூட்டர் நுழைந்துவிடும். பாண்டி பஜாரிலும் நடைபாதையின் மேல் வண்டி நிறுத்துவோரைத் தடுப்பது தீராத வேலையாகவே இருந்துவருகிறது. அவர்களை வைவது சுலபம். ஆனால் வண்டியை வைக்கச் சமீபத்தில் சௌகரியமான இடமும், தவறினால் நிச்சயமான அபராதமும் இல்லாதவரை, அகன்ற நடைபாதை அகன்ற நிறுத்துமிடமாகவே அவர்கள் கண்ணுக்குத் தோன்றும்.

இதைவிடப் பெரிய குறை, வளாகம் தொடங்கி முடியும் இடங்களைப் பற்றியது. நடப்பவருக்கு ஆபத்து, சாலையோரமாக நடக்கையில் உள்ளதைக் காட்டிலும் குறுக்கே கடக்கையில் அதிகம். கடைவீதியில் உலாவ வந்தவர் ஆகாயத்திலிருந்து பாண்டி பஜாரில் இறங்கவில்லை; மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்தோ, தெற்கு உஸ்மான் சாலையிலுள்ள பஸ் நிலையத்திலிருந்தோ, பனகல் பூங்காச் சந்திப்பின் சுழலைக் கடந்து வருகிறார். தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டுமென்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதி சொல்லுகிறது. பாண்டி பஜார் அமைந்த தியாகராய சாலையில் இவ்விதி தாராளமாக நிறைவேற, வளாகத்தின் எல்லையைத் தாண்டிய பக்கத் தெருக்களில் அது ஏட்டளவில் நின்றுவிடுகிறது. நடைபாதை என்பது சங்கிலியைப் போன்றது. ஒரு கண்ணியைப் பொன்னால் செய்து மற்றவற்றைக் கயிற்றால் கட்டியதன் பலனையே நாம் காண்கிறோம்.

2023-ஆம் ஆண்டு மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பஸ் நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நீளமுள்ள ஆகாய நடைபாதை ஒன்று திறக்கப்பட்டது. நெரிசலின் உச்சத்தில் அது உபகாரமானதே. மின்தூக்கியும் நகரும் படிகளும் இருப்பதால் முதியவரும் பயன்படுத்தலாம். எனினும் அதன் தத்துவம் பாண்டி பஜாருக்கு நேர் விரோதமானது. ஒன்று வாகனத்தை ஒதுங்கச் சொல்லுகிறது. மற்றொன்று மனிதரை மேலேறிப் போகச் சொல்லுகிறது. கூப்பிடு தூரத்தில் இவ்விரண்டையும் செய்துவிட்டு, தெற்கு உஸ்மான் சாலையில் 2025-இல் புதிய மேம்பாலத்தையும் திறந்த நகரம், தன் வீதிகள் யாருக்கென்பதை இன்னும் தீர்மானிக்கவில்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

நடைபாதை வியாபாரிகளின் விஷயத்தில் என் மனம் இருபுறமும் சாய்கிறது. அவர்கள் வழியை அடைத்துக்கொண்டிருந்தது மெய். ஆயினும், கடைகள் சாத்திய பிறகும் ஒரு தெருவில் விளக்கும் ஆளரவமும் இருப்பதற்கு அவர்களே காரணம். தனியாக வீடு திரும்பும் பெண்ணுக்குப் பூக்காரியின் இருப்பே ஒருவகைக் காவல். தெருவோர வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கி ஒழுங்குபடுத்தவே 2014-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் வழிவகுத்தது. இத்தனை அகலம் கிடைத்தபின் அவர்களுக்கென வரைகோடிட்டு இடங்கள் விடுவது அசாத்தியமன்று. பொருள் வாங்க வருபவரை மட்டுமே நடப்பவராகக் கண்ட பார்வையின் விளைவாகவே இந்த விடுபாட்டை நான் கருதுகிறேன்.

பனகல் பூங்காவின் அடியில் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட நிலையம் அமைகிறது. அது திறக்கும் நாளில், இதுவரை பஸ்ஸிலும் ஆட்டோவிலும் வந்தவர்களில் எண்ணற்றோர் பூமிக்கடியிலிருந்து நேராக அந்தச் சந்திப்பில் வெளிப்படுவார்கள். தோண்டிய சாலையை மூடித் தார் போடும் பணி எப்படியும் நடந்தாக வேண்டியதே. அப்போது முன்பிருந்த அகலத்தையே வாகனத்துக்குத் திருப்பிக் கொடுக்காமல், நிலைய வாசல்களிலிருந்து தியாகராய சாலைக்கும் உஸ்மான் சாலைக்கும் தரைமட்டத்தில், போதிய நேரம் எரியும் பச்சை விளக்குடன், உயர்த்திய கடவைகளை அமைத்துவிடலாம்; அதற்கான வரைபடம் தயாராக வேண்டியது தார் வண்டி வந்து நிற்பதற்கு முன்னால்.